பதினேழாம் கேள்வி

என் வேலை எளிது.
வண்டியைச் சுற்றி வருவேன், குனிவேன்,
பூச்சின் தடிமனை மைக்ரானில் அளப்பேன்,
ஒரு தொகை எழுதுவேன்.
அது யார் தூக்கத்தைக் கெடுக்கும் என்று
படிவம் கேட்பதில்லை.

அவுரிக் நகரின் ஓரம், மழை, செங்கல் வீடு.
ஹார்ம் போப்பிங்கா உறையை
அங்குலம் அங்குலமாக உருவினார்.
இரண்டே இருக்கை. கரும்பச்சை.
பொத்தானை அமுக்கினால் மடியும் துணிக் கூரை.
"தொழிற்சாலையின் கடைசி வருடத்து வண்டி" என்றார்,
கடைக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

வாங்கும்போது பதினான்காயிரம் யூரோ.
இன்று முப்பத்தோராயிரம் கேட்கலாம்.
கிடைக்கவும் கிடைக்கலாம்.
"இன்னும் பொறுத்தால்?"

சொன்னேன்:
இதன் படத்தை அறைச் சுவரில் ஒட்டிய பையன்களுக்கு
இப்போது ஐம்பது வயது.
வீட்டுக் கடன் முடிந்த கையோடு தேடி வருகிறார்கள்.
பத்தாண்டு வருவார்கள்.
அப்புறம் இவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து
அவர்களால் எழுந்திருக்க முடியாது.
சந்தை என்பது பாதி முழங்கால்தான், ஐயா.

அவர் சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அந்தக் குறிப்பேடு!
வருடம் ஒரு முறை, மே மாதம்,
பரிசோதனை நிலையம் வரை, திரும்பி.
நாள், நேரம், மீட்டர் எண்.
கூரை: மூடியே.
திறந்தால் துணி மடியும்,
மடிந்தால் தழும்பு,
தழும்புக்கு ஆயிரம் கழியும்.

பூதம் காத்த புதையல்கள் பலவற்றை
விலை பார்த்திருக்கிறேன்.
பூதங்கள் பொதுவாக மரியாதையானவை.
தேநீர் தரும்.

கேஷே கொண்டுவந்தார்.
கோப்பை அடியில் கற்கண்டு,
சூடு பட்டு விரிசல் விடும் ஓசை
கொட்டகை முழுக்கக் கேட்டது.
இந்தப் பக்கத்தில் தேநீரைக் கலக்கக் கூடாது.
இனிப்பு கடைசி மிடறில் வரும்.
"முதலீடு மாதிரி" என்றார் ஹார்ம்.
கேஷே பதில் பேசவில்லை.
அவர் கோப்பையில் மட்டும்
கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது.

பதினேழாம் கேள்வி: கூரை இயங்குகிறதா?
"இயங்கும்" என்றார்.
"பார்த்துத்தான் எழுத முடியும்" என்றேன்.

மோட்டார் முனகியது.
கூரை எழுந்தது,
பாதியில் யோசித்தது,
மடிந்தது.
மடிப்புக்குள்ளிருந்து ஒரு சிட்டிகை மணல்
கறுப்புக் கம்பளத்தில் உதிர்ந்தது.
வெளிறிய, பொடி மணல்.
அதில் ஒரு சிப்பித் துணுக்கு.

ஹார்ம் கவனிக்கவில்லை.
மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்
துணியில் தழும்பு தேடிக்கொண்டிருந்தார்.

நான் மீட்டரைப் பார்த்தேன்.
குறிப்பேட்டின் கடைசி வரியைப் பார்த்தேன்.
அறுபத்திரண்டு கிலோமீட்டர் அதிகம்.
நோர்ட்டைஷ் கடற்கரை இங்கிருந்து முப்பத்தொன்று.

கேஷேயின் கையில் கோப்பைகள்
ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

மீட்டர் காட்டியதை எழுதினேன்.
குறிப்பேட்டைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.
கைக்குட்டையால் கம்பளத்தைத் துடைத்தேன்,
அது என் வேலை இல்லை என்றாலும்.
பரிந்துரைப் பகுதியில் எழுதினேன்:
நின்றே கிடந்தால் ரப்பர் விறைக்கும், மோட்டார் துருவேறும்.
அவ்வப்போது, மழையில்லாத நாளில்,
கூரையைத் திறந்து
அறுபது கிலோமீட்டராவது ஓட்டவும்.

"அப்படிச் செய்தால் மதிப்பு கூடுமா?"
"தேறும்" என்றேன்.
நெற்றியைச் சுருக்கியபடி அதையும் எழுதிக்கொண்டார்.

வாசல் கதவு வரை
குடையோடு வந்தவர் கேஷே.
ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினார்.
"அந்த அறுபத்திரண்டு…
அதற்கு விலையில் எவ்வளவு குறையும்?"

மனக்கணக்குப் போட்டேன்.
"நாற்பது யூரோ இருக்கும்."

"ஒரு இரவுக்கு நாற்பதுதானா" என்றார்.
குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
வலது கை விரல்களை
ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார்.